அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்

அடுத்த மாதம் நம் ஊரில் கருத்துக் கேட்புக் கூட்டம் இருக்கிறதாமே. நிதி நிறுவனங்களுக்குப் புது விதி கொண்டுவருகிறார்கள், மேலிடத்திலிருந்து பெரிய குழு வருகிறது, மொழிபெயர்ப்பு வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களில் இரண்டு பேரைப் போட்டிருக்கிறார்கள் என்று சொன்னார்கள். அந்த இரண்டு பேரும் திருப்பரங்குன்றத்தில் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார்கள். "மேடம், டெக்னிக்கல் வார்த்தையெல்லாம் நெறைய வருமே, உங்ககிட்ட பழைய சொற்பட்டியல் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்கள். காபி கொடுத்து அனுப்பினேன். சொற்பட்டியல் கொடுக்கவில்லை.

கஷ்டமான வார்த்தையால் யாரும் கெட்டுப்போய் நான் பார்த்ததில்லை. கஷ்டமான வார்த்தை வந்தால் எல்லோரும் உஷாராகிவிடுவார்கள். அகராதியைப் புரட்டுவார்கள், நாலு பேரிடம் கேட்பார்கள். ஆளைக் கவிழ்ப்பது சின்ன வார்த்தைதான். அதை அன்றைக்கே வாயால் சொல்லியிருக்கலாம். சொல்ல ஆரம்பித்தால் கோபம் வந்துவிடும், வீட்டுக்கு வந்த பிள்ளைகளிடம் எதற்கு என்று விட்டுவிட்டேன். இப்போது எழுதி அனுப்புகிறேன். உற்சாகமூட்டும் பேச்சு வேண்டுமென்றால் பயிற்சி வகுப்பில் நிறையக் கிடைக்கும். இது அந்த ரகம் இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்தது எழுபதுகளின் தொடக்கத்தில், மதுரையில் ஓர் அரசு அலுவலகத்தில். ஆங்கிலத்தில் வரும் அறிக்கை, உத்தரவு எல்லாவற்றையும் தமிழாக்குவது ஒரு பாதி வேலை. தமிழ் தெரியாத மேலதிகாரி யாராவது வந்தால் பக்கத்தில் நின்று இங்கே பேசுவதை அங்கேயும், அங்கே பேசுவதை இங்கேயும் மாற்றிச் சொல்வது மறுபாதி. பியூன்கள் என்னைத் 'துபாஷி அம்மா' என்று கேலி செய்வார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் எங்கள் ஹெட்கிளார்க். பெயர் எதற்கு, அவருடைய பிள்ளைகள் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள். மூக்குப்பொடிக்காரர். என் தமிழைப் படித்துவிட்டு, "என்னம்மா இது, செப்பேடு மாதிரி இருக்கு, ரேஷன் கடைக்காரனுக்குப் புரியுமா?" என்று கிழித்துப் போடுவார். அவரால்தான் எனக்கு ஆள் படிக்கிற மாதிரி எழுத வந்தது. அதை நான் மறைக்கவில்லை. கூட்டங்களுக்கு அனுப்பும்போது மட்டும் தவறாமல் ஒரே உபதேசம்: "சொன்னதைச் சொல்லு. சொல்லாததைச் சொல்லாத. உனக்குக் காதும் வாயும் போதும், நடுவுல மூளை வேண்டாம்." உங்களுக்கும் இதைத்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள், பாஷை மட்டும் கொஞ்சம் நாகரிகமாக இருந்திருக்கும்.

அந்தச் சமயம் ஊரெல்லாம் சீட்டுக் கம்பெனி. கண்ணாடிக் கதவு, ஊதுபத்தி வாசனை, சுவரில் சாமி படம், மேஜைக்குப் பின்னால் சந்தனப் பொட்டோடு ஒரு முதலாளி. வாத்தியார், நர்ஸ், பூக்கடைக்காரர் என்று எல்லோரும் போட்டார்கள். ஒருநாள் கதவில் பூட்டுத் தொங்கும், முதலாளி இருக்கமாட்டார். இப்படி ஒன்றிரண்டு அல்ல. ஜனங்கள் தெருவில் உட்கார்ந்து அழுதார்கள். எங்கள் ஆபீஸ் பியூன் ஒருவர் மகள் கல்யாணத்துக்குச் சேர்த்ததை இழந்துவிட்டு, வேலைக்கு வந்து பேசாமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பார். அதனால் சீட்டுகளுக்குக் கடுமையான விதி வரப்போகிறது என்றபோது எங்களுக்கெல்லாம் சந்தோஷம்தான். அந்த வரைவு விதியை நான் ஆசையோடு தமிழாக்கினேன்.

சீட்டு நடத்துகிறவர் பதிவு செய்ய வேண்டும். சீட்டின் முழு மதிப்பையும் முன்கூட்டியே பாங்கியில் ஈடாகக் கட்ட வேண்டும். கணக்கைத் தணிக்கையாளர் பார்க்க வேண்டும். ஏற்கெனவே நடக்கிற சீட்டானாலும் பதிவு இல்லையென்றால் நிறுத்த வேண்டும். மீறினால் ஜெயில். எல்லாம் நியாயம். சீட்டு என்றால் என்ன என்று முதல் பிரிவில் விளக்கம் வைத்திருந்தார்கள். பலர் கூடித் தவணை முறையில் பணமோ தானியமோ போட்டு, முறை வைத்து ஒவ்வொருவராக எடுத்துக்கொள்வது. 'தானியமோ' என்ற வார்த்தையைப் பார்த்து ஹெட்கிளார்க் சிரித்தார். "எந்தக் காலத்துல இருக்கானுங்க, நெல்லுல எவன் இப்பச் சீட்டுப் போடுறான்?" என்றார்.

அலங்காநல்லூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள். போட்டது ஆண்கள் இல்லை, பெண்கள். சொந்தமாக ஒரு குழி நிலம் இல்லாத கூலிக்காரப் பெண்கள். கால்வாய்ப் பாசனத்தில் இருபோகம் விளைகிற ஊர். அறுப்புக்குப் போனால் கூலி நெல்லாகக் கிடைக்கும். ஒவ்வொரு அறுப்பு முடிந்ததும் ஆளுக்குக் கொஞ்சம் கொண்டுவந்து வீராயி என்ற பெண்ணின் வீட்டுக் குலுக்கையில் கொட்டிவிடுவார்கள். குலுக்கை என்றால் மண்ணால் செய்த தானியக் குதிர், உங்களில் டவுன் பிள்ளைகளுக்குத் தெரியாது. வேலை இல்லாத மாதங்கள் வந்ததும் மாதம் ஒருமுறை குலுக்கிப் போடுவார்கள். எழுத்துத் தெரியாததால் துண்டுச் சீட்டுக் கிடையாது. ஒருத்திக்கு உடைந்த வளையல், ஒருத்திக்குச் சட்டைப் பித்தான், ஒருத்திக்குச் சோழி என்று ஆளுக்கொரு அடையாளம். யாருடைய அடையாளம் வருகிறதோ அவளுக்கு அந்த மாத நெல். வீட்டில் சாவோ பிரசவமோ என்றால் குலுக்காமலே அவளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

இது இல்லாவிட்டால் அவர்களுக்கு ஒரே ஒரு வாசல்தான். ஊரில் பாதி வயலுக்குச் சொந்தக்காரரான பெரிய வீட்டுக்காரருடைய வாசல். ஆடியில் ஒரு மூடை கடன் வாங்கினால் அறுப்பில் ஒன்றரை மூடை திருப்ப வேண்டும். திருப்பிவிட்டால் மறுபடி கையில் ஒன்றும் இருக்காது, மறுபடி ஆடியில் போய் நிற்க வேண்டும். வீராயி குலுக்கை வைக்க ஆரம்பித்த பிறகு சில வருஷங்களாக அந்தப் பெண்களில் யாரும் அந்த வாசலுக்குக் கடன் கேட்டுப் போகவில்லை. இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது கூட்டத்தன்றுதான், அதுவும் நேரம் கடந்த பிறகு.

கூட்டம் எங்கள் ஆபீஸ் மாடி ஹாலில் நடந்தது. தலைமை தாங்க மெட்ராஸிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். அவருக்கு வடக்கே எங்கோ ஊர், தமிழ் தெரியாது. கெட்டவர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சீட்டுக் கம்பெனிக்காரர்களின் வக்கீல்கள் ஒவ்வொருவராக எழுந்து வளவளத்தபோது ஒருவரையும் தப்பவிடாமல் மடக்கினார். பணத்தைப் பறிகொடுத்த ஒரு நர்ஸ் பேசும்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். காலை முழுக்க நான் பக்கத்தில் நின்று மாற்றி மாற்றிச் சொன்னேன். இப்படிப்பட்ட ஆளுக்கு வாயாக இருப்பது மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் கிராமத்துச் சீட்டு பற்றிய பகுதி வந்தது. கிராமங்களிலிருந்தும் ஆட்களைக் கூப்பிட வேண்டும் என்று அந்த அதிகாரியே வற்புறுத்தியிருந்தார். கிராம முன்சீப் மூலமாகத் தகவல் போயிருந்தது. ஹால் பின்சுவரை ஒட்டி ஏழெட்டுப் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. முன்வரிசையில் வேட்டி கசங்காமல் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். வருகைப் பட்டியலில் அவருக்கு 'விவசாயிகள் பிரதிநிதி' என்று போட்டிருந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை, ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. நல்ல மனிதர், அமைதியாக இருக்கிறார் என்று நினைத்தேன்.

அதிகாரி ஒவ்வொரு விதியாக ஆங்கிலத்தில் விளக்கினார். நான் தமிழில் சொன்னேன்.

"தானியச் சீட்டுக்கும் பதிவு வேணும்."

"சரிங்கய்யா" என்றார் பெண்களுக்கு முன்னால் நின்ற ஒருவர். அவர்தான் வீராயி. நாற்பது வயது இருக்கும்.

"சீட்டோட முழு மதிப்புக்கும் பாங்கில முன்பணம் கட்டணும்."

"சரிங்கய்யா."

"கட்டலைன்னா இப்ப நடக்குற சீட்டையும் நிறுத்திடணும். நிறுத்தலைன்னா ஜெயில்."

"சரிங்கய்யா."

அதிகாரியின் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாக நிம்மதி வந்தது. காலையெல்லாம் வக்கீல்களோடு மல்லுக்கட்டிய மனிதர். "பாருங்கள், சாதாரண ஜனங்களுக்கு விதி புரிகிறது" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, கிராமத்துத் தரப்பில் ஆட்சேபணை இல்லை என்று குறித்துக்கொள்ளப் போனார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் இன்னும் அந்த 'சரிங்கய்யா'வை அவருக்கு மொழிபெயர்க்கவே இல்லை.

"சார், அவர்கள் சம்மதம் என்று சொல்லவில்லை. காதில் விழுந்தது என்று சொல்கிறார்கள்" என்றேன்.

அவர் சிரித்தார். "மேடம், எனக்குத் தமிழில் ஒரே ஒரு வார்த்தை தெரியும். மெட்ராஸில் என் டிரைவர் சொல்லிக்கொடுத்தது. 'சரி.' அந்த ஒன்றையாவது எனக்கு விட்டுவையுங்கள்" என்றார்.

ஹாலில் ஆங்கிலம் தெரிந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். வக்கீல்கள் பலமாகவே சிரித்தார்கள்.

உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, நீங்களும் இந்த ஊர்ப் பிள்ளைகள்தான். நம் பக்கத்தில் நாற்காலியில் இருக்கிறவர் பேசும்போது, நிற்கிறவர் சொல்கிற 'சரிங்கய்யா' வெறும் உம் கொட்டுவது. 'சொல்லுங்க, கேட்டுக்கிட்டிருக்கேன்' என்று அர்த்தம். நீ திருட்டுப் பயல் என்று திட்டினாலும் 'சரிங்கய்யா'தான். உன் வீட்டை நாளைக்குப் பிரித்துப் போடப் போகிறோம் என்றாலும் 'சரிங்கய்யா'தான். அதில் சம்மதத்தைத் தேடுகிறவன் வெளியூர்க்காரனாக இருக்க வேண்டும், அல்லது நம்மூர் வட்டிக்காரனாக இருக்க வேண்டும். டிரைவர் தன் முதலாளியிடம் 'சரி சார்' என்றபோது வண்டியை எடுத்திருப்பார். அதனால் அந்த அதிகாரிக்குச் 'சரி' என்றால் காரியம் நடக்கும் என்று மனதில் பதிந்துவிட்டது. தமிழ் சுத்தமாகத் தெரியாத ஆளாக இருந்திருந்தால் என் வாயைப் பார்த்திருப்பார். ஒரு வார்த்தை தெரிந்ததுதான் வினையாகப் போயிற்று.

நான் விடவில்லை. ஹெட்கிளார்க் சொல்லிக்கொடுத்ததை ஒதுக்கிவிட்டு நேராக வீராயியைப் பார்த்துக் கேட்டேன். "ஏம்மா, உங்க நெல்லுச் சீட்டு நடக்கணுமா, நிக்கணுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

இந்தக் கேள்விக்குச் 'சரிங்கய்யா' என்று பதில் சொல்ல முடியாது அல்லவா, அதுதான் என் சாமர்த்தியம். வீராயி என்னைப் பார்த்தார். பிறகு முன்வரிசையில் இருந்த பெரியவரின் பின்தலையைப் பார்த்தார். அந்தத் தலை அசையவில்லை.

"அய்யாமாருக பாத்து எது செஞ்சாலும் சரிங்க" என்றார்.

பின்னாலிருந்து ஹெட்கிளார்க் பல்லைக் கடித்துக்கொண்டு, "யம்மா, நீ வாய். அம்புட்டுத்தான்" என்றார். அதிகாரி என்னிடம் மரியாதையாகவே, "இப்போது திருப்திதானே?" என்று கேட்டுவிட்டு எழுதிக்கொண்டார். சாப்பாட்டுக்குக் கலைந்தோம்.

சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே கீழே வந்தேன். அந்தப் பெண்கள் வேப்பமரத்தடியில் தூக்குச்சட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். போய்க் கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன், அவர்கள்மேல்தான் கோபம். அங்கேதான் குலுக்கை, வளையல் துண்டு, ஆடி மாதம் எல்லாக் கதையும் வந்தது.

"இம்புட்டு இருக்கே, உள்ள ஏம்மா சொல்லல?" என்றேன்.

"நாங்க எதுல வந்தோம்னு தெரியுமா தாயி?" என்று வீராயி கையைக் காட்டினார். காம்பவுண்டுக்கு வெளியே ஒரு டிராக்டர் நின்றது. "முன்னாடி உக்காந்திருந்தாகல்ல, எங்க ஊரு பெரிய வீட்டு அய்யா, அவுக டிராக்டரு. முன்சீப்பு அவுககிட்டதான் சொன்னாரு, அவுகதான் எங்களை ஏத்திக் கூட்டியாந்தாக. திரும்பி அதுலதான் போகணும். போயி, நாளைக்கு அவுக வயல்லதான் நடவு. அவுக முதுகுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு, அவுக வாசலுக்கு நாங்க வர மாட்டோம்னு எப்படித் தாயி சொல்றது?"

இன்னொரு பெண் சட்டியிலிருந்து கையை எடுக்காமல், "நீங்க சொல்லிருக்கலாம்ல? நல்லா இங்கிலீசு பேசுறீக" என்றார்.

எழுத்து மூலமாகவும் ஆட்சேபணை கொடுக்கலாம், அதற்கு இன்னும் அவகாசம் இருக்கிறது என்று சொன்னேன். வாசலிலேயே மனு எழுதுகிறவர்கள் டைப்ரைட்டரோடு உட்கார்ந்திருந்தார்கள். வீராயி யோசித்தார்.

"அதுல பேரு போடணுமா?"

"போடணும்."

"அந்தக் காயிதம் எங்க ஊருக்கு வருமா?"

வரும். வந்த ஆட்சேபணைகளையும் அதைக் கொடுத்தவர்களின் பெயர்களையும் கிராமச் சாவடியில் ஒட்ட வேண்டும் என்று அந்த வரைவிலேயே இருந்தது. வெளிப்படையாக நடக்க வேண்டும் என்ற நல்ல எண்ணம். அதையும் நான்தான் தமிழாக்கியிருந்தேன்.

"பேரில்லாமக் குடுத்தா?"

"மொட்டை மனுன்னு குப்பையில போட்டுருவாங்கம்மா."

"அப்ப விடுங்க தாயி" என்றார். சட்டியை மூடிவிட்டு மற்றவர்களை எழுப்பினார். பெரிய வீட்டுக்காரர் மாடிப்படியில் இறங்கி வந்துகொண்டிருந்தார்.

நான் மாடிக்கு ஓடினேன். அதிகாரி சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். டிராக்டரைச் சொன்னேன், சாவடியைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார், அதுதான் எனக்கு இன்றைக்கும் தாங்கவில்லை. கேட்காமல் விரட்டியிருந்தால் அவரை வெறுத்துவிட்டுப் போயிருப்பேன். "நீங்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நான் ஒரு கூட்டத்துக்குத் தலைவர். கூட்டத்தில் யாரும் சொல்லாததை நான் எப்படிப் பதிவில் சேர்ப்பது? நாளைக்கு ஒரு வக்கீலும் மரத்தடியில் யாரோ சொன்னார் என்று வந்து நிற்பாரே?" என்றார். பிறகு அவராகவே, "அந்தப் பெண்களை மட்டும் தனியாக வைத்து இன்னொரு கூட்டம் போடலாம். உங்கள் அலுவலகம் தேவை என்று எழுதினால் நான் வருகிறேன்" என்றார். எனக்கு உயிர் வந்தது.

தேவை என்று எழுத வேண்டியவர் ஹெட்கிளார்க். அவர் பொடியை உறிஞ்சிக்கொண்டு நான் சொன்னதெல்லாம் கேட்டார்.

"சரின்னு சொன்னாங்களா இல்லையா?"

"சொன்னாங்க சார். ஆனா உங்களுக்குத் தெரியாதா அதுக்கு என்ன அர்த்தம்னு? நீங்க மேலூர்ப் பக்கத்து ஆளு சார்."

"எனக்குத் தெரியும்மா" என்றார். "எனக்கு நல்லாவே தெரியும். ஃபைலுக்குத் தெரியாதுல்ல. இன்னொரு கூட்டம்னா எதுக்குன்னு கேப்பான். முதல் கூட்டத்தைச் சரியா நடத்தலையான்னு கேப்பான். நான் இன்னும் கொஞ்ச நாள்ல ரிட்டயர் ஆகுறவன்."

அவர் எழுதிய நடவடிக்கைக் குறிப்பில், 'கிராமப் பொதுமக்கள் விதிகளை முழுமனதுடன் ஏற்றுக்கொண்டனர்; மறுகூட்டம் தேவையில்லை' என்று இருந்தது. 'முழுமனதுடன்' என்பது அவராகச் சேர்த்தது. சொல்லாததைச் சொல்லாதே என்று எனக்கு அத்தனை வருஷம் ஓதிய அதே மனிதர். ஆங்கிலத்தில் மாற்ற என்னிடம் வந்தபோது, 'சரிங்கய்யா' என்ற சொல் இந்த வட்டாரத்தில் சம்மதத்தைக் குறிப்பதில்லை என்று ஓர் அடிக்குறிப்புச் சேர்த்து வைத்தேன். அடிக்குறிப்பை அடித்துவிட்டார்கள். எனக்கு ஒரு மெமோ வந்தது. மொழிபெயர்ப்பாளர் தன் வரம்பை மீறிக் கூட்டத்தில் கேள்வி கேட்டார், நடவடிக்கைக் குறிப்பில் சொந்தக் கருத்தைச் சேர்த்தார், ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது? மெமோ ஆங்கிலத்தில் இருந்தது. கோப்புக்குத் தமிழ்ப்படியும் வேண்டும் என்றார்கள். ஆபீஸில் மொழிபெயர்ப்பாளர் நான் ஒருத்திதான், அதனால் என் மெமோவை நானே தமிழாக்கிக் கொடுத்தேன். நன்றாகத்தான் வந்திருந்தது.

விதி கொஞ்ச காலத்தில் அச்சாகி வந்தது. 'பணமோ தானியமோ' அப்படியே இருந்தது. உங்களில் ஒருத்தர் கேட்கலாம், தமிழ்ப் பிரதி உங்கள் கையில்தானே இருந்தது, அந்தத் 'தானியமோ'வை மட்டும் விட்டுவிட்டிருக்கலாமே என்று. நானும் நினைத்துப் பார்த்தேன். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் வேறுபாடு வந்தால் ஆங்கிலமே செல்லும் என்று கடைசிப் பிரிவில் போட்டிருக்கும், எப்போதும் போட்டிருக்கும். நான் விட்டிருந்தால், தமிழைப் படித்துவிட்டுத் தைரியமாகக் குலுக்கை வைத்தவர்கள் ஆங்கிலத்தால் ஜெயிலுக்குப் போயிருப்பார்கள். அதனால் தானியம் என்று எழுதினேன்.  

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கண்ணாடிக் கதவு வைத்த கம்பெனிகள் பதிவு செய்தன, ஈடு கட்டின, தணிக்கை செய்துகொண்டன. பெயரை மாற்றிக்கொண்டு, முன்னைவிடப் பெரிய ஊதுபத்தியைக் கொளுத்தி வைத்துக்கொண்டு நடத்தின. அதில் சில பிறகும் ஓடிப்போயின. பாங்கியில் ஈடு கட்ட முடியாத வீராயிதான் அந்த விதியில் சிக்கினார்.

இனி உங்கள் கூட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். நடுவில் மூளை வேண்டாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மூளை இருந்தும் நான் தோற்றேன், அது வேறு விஷயம். ஹாலில் நுழைந்ததும் மேடையைப் பார்க்காதீர்கள். முதல் வரிசையில் யார் உட்கார்ந்திருக்கிறார், பின்னால் நிற்கிறவர்கள் யார் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று பாருங்கள். அவர்கள் எந்த வண்டியில் வந்தார்கள் என்று கூட்டம் தொடங்குமுன் கேளுங்கள், முடிந்த பிறகு கேட்டு என்னைப்போல் மரத்தடியில் நிற்காதீர்கள். தலைமை தாங்குகிறவருக்குத் தமிழ் கொஞ்சம் தெரியும் என்று யாராவது பெருமையாகச் சொன்னால் பயப்படுங்கள். என்னென்ன வார்த்தை தெரியும் என்று முதல்நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். இதெல்லாம் செய்தால் ஜெயித்துவிடுவீர்களா என்றால், மாட்டீர்கள். பெரும்பாலும் உங்களுக்கும் ஒரு மெமோதான் வரும்.

மறு வருஷம் ஆடியில் அந்தக் கிராமத்துக்கே என்னை அனுப்பினார்கள். புது விதியை மக்களுக்கு எளிய தமிழில் விளக்கும் கூட்டமாம். நாற்காலி, மைக், நிழல் மூன்றும் இருக்கிற இடம் பெரிய வீட்டுக் களம்தான் என்று அங்கேயே ஏற்பாடு செய்திருந்தார்கள். எங்களுக்கு மோர் கொடுத்தார்கள். விளக்கினேன். விளக்குவதற்கு அந்த ஊரில் அப்போது ஒரு சீட்டும் இல்லை.

கூட்டம் முடிந்து ஜீப்புக்குக் காத்திருக்கும்போது களத்தின் மறுகோடியில் நெல் அளந்துகொண்டிருந்தார்கள். பெண்கள் வரிசையாகச் சாக்கோடு நின்றார்கள். ஆடிக் கடன். மரக்காலைப் பிடித்துக்கொண்டு குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் வீராயி. பெரிய வீட்டுக்கே அளக்கிற ஆளாகச் சேர்ந்திருந்தார். எனக்கு முதலில் நம்ப முடியவில்லை. பிறகு ஆத்திரம் வந்தது. பக்கத்தில் போய், "நீங்களுமா?" என்று கேட்டுவிட்டேன்.

வீராயி மெல்ல எழுந்து இரண்டடி தள்ளி வந்தார்.

"கை சுத்தமான ஆளு வேணும்னு கூப்பிட்டாக தாயி. நான் மாட்டேன்னுதான் சொன்னேன். இவளுகதான் போன்னு தள்ளிவிட்டாளுக. நம்மாளு அளந்தா மரக்காலுக்கு ரெண்டு கை கூட விழும்ல, அதுக்குத்தான்."

"விழுதா?"

"குடுக்கையில தலை தட்டி அளக்கணுமாம். அறுப்புல திருப்பி வாங்கையில குவிச்சு அளக்கணுமாம். ரெண்டையும் நானேதான் அளக்கணுமாம். அவுகளே அளந்தா ஊரு பேசும்ல. நான் அளந்தா எவ பேசுவா?"

"இவங்க உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையா?"

"என்ன சொல்லுவாளுக. முன்னெல்லாம் என் வீட்டுக்கு வந்தா வாசல்ல இருந்தே பேரச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டு வருவாளுக. இப்ப மரக்காலை மட்டும் பாக்குறாளுக. என் மூஞ்சியப் பாக்குறதில்ல."

பெரிய வீட்டுக்காரர் வராந்தாவிலிருந்து இருமினார். வீராயி திரும்பிப் போய் உட்கார்ந்தார். வரிசையில் அடுத்து நின்ற பெண் குனிந்து சாக்கை விரித்துப் பிடித்தாள். வீராயி மரக்காலை நெல்லுக்குள் அழுத்தி எடுத்தார், மேலே குவிந்து நின்றதை உள்ளங்கையால் வழித்துத் தள்ளினார், மட்டமாகச் சாக்கில் கொட்டினார்.